விசா, மொழி, காய்ச்சல், கணக்கு: வெளிநாட்டில் ஒரு மிஷனரியின் வாழ்க்கை எப்படிப் போகிறது?

சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர்கள் வடக்கில் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள், அதிகாரிகள் தடுத்தார்கள் என்று ஒரு செய்தி வந்தால் போதும், அன்று மாலையே யாழ்ப்பாணத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "மதம் மாற்ற வந்த கூட்டம்" என்று ஒரு பக்கம் சொல்லும். "கும்பிடக்கூட உரிமை இல்லையா" என்று மறுபக்கம் கேட்கும். நடுவில் நிற்கும் வாசகருக்கு இதைவிட அடிப்படையான கேள்விகள் இருக்கின்றன. மிஷனரி என்பவர் யார்? அவரை அனுப்புவது யார்? அவருடைய சாப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? காலை முதல் இரவு வரை அவர் என்ன செய்கிறார்? எதைச் செய்ய அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டு மிஷனரிகள் வந்துபோன இடம் யாழ்ப்பாணம். அவர்கள் கட்டிய பள்ளிகளில்தான் நம்மில் பலருடைய பாட்டன்மார் படித்தார்கள். அவர்கள் தொகுத்த அகராதிகளை இன்றும் புரட்டுகிறோம். இங்கிருந்து வெளியே ஆள் அனுப்பிய கதையும் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

முதலில் நான்கு சொற்கள்

1. மிஷன். 'அனுப்புதல்' என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அனுப்புகிற சபை, போகிற ஆள், போய்ச் சேருகிற இடம் மூன்றும் சேர்ந்ததுதான் மிஷன். போய்ச் சேரும் இடத்தைக் 'களம்' என்பார்கள்.

2. மிஷனரி. தன் சொந்த ஊர்ச் சபையை நடத்தும் போதகரையோ பங்குத்தந்தையையோ யாரும் மிஷனரி என்று சொல்வதில்லை. நாடு, மொழி, பண்பாடு என்று ஏதாவது ஓர் எல்லையைத் தாண்டிப் போய் அங்கேயே தங்கி வேலை செய்பவரையே அப்படி அழைக்கிறோம். அவர் பிரசங்கியாராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வைத்தியர், அச்சுக்காரர், ஆசிரியை, தாதி என்று எந்த வேலையும் பார்க்கலாம்.

3. குறுகிய காலப் பயணம். பத்து நாளோ இரண்டு வாரமோ வந்து, மேடைக் கூட்டம் வைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது. விமானப் பயணம் மலிவான பிறகு பெருகிய வழக்கம் இது.

4. கூடாரத் தொழில். அப்போஸ்தலர் பவுல் கூடாரம் செய்யும் தொழிலால் தன் செலவைப் பார்த்துக்கொண்டார் என்று வேதாகமம் சொல்கிறது. அதை வைத்து, வேறொரு நாட்டில் ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ வேலை பார்த்துக்கொண்டே ஊழியமும் செய்பவரை இப்படிக் குறிப்பிடுகிறார்கள்.

செய்தியில் அடிபடுபவர்களில் பலர் மூன்றாம் வகையினர். ஆனால் வாதம் சூடாகும்போது பேச்சு இரண்டாம் வகையினரைப் பற்றியதாக மாறிவிடுகிறது. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஆகவே இனி வருவது, வந்து தங்கி வேலை செய்பவரைப் பற்றியது.

மொழி: முதல் ஆண்டுகளை விழுங்கும் வேலை

1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறையிலிருந்து டிரையட் என்ற கப்பல் புறப்பட்டது. 1816 மார்ச்சில்தான் கொழும்பை அடைந்தது. ஐந்து மாதக் கடல். அதில் வந்த டானியல் பூவர், எட்வர்ட் வாரன், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், பெஞ்சமின் மெக்ஸ் ஆகியோர் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். அமெரிக்க இலங்கை மிஷனின் தொடக்கம் இது. கல்லூரிப் படிப்பும் இறையியலும் முடித்தவர்கள், இங்கே வந்து ஆனா ஆவன்னாவில் தொடங்கினார்கள்.

எங்கே போகும் மிஷனரிக்கும் முதல் ஓரிரு ஆண்டுகள் இப்படித்தான் கழிகின்றன. காலையில் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம். பகலில் சந்தையிலோ வேலிக்கரையிலோ நின்று கேட்டதைச் சொல்லிப் பார்ப்பது. பிள்ளைகள் சிரிப்பார்கள். படித்து முடித்த ஒரு பெரிய மனிதர் திரும்பவும் குழந்தையாகிப்போவது எளிதில் தாங்கக்கூடிய அனுபவம் இல்லை. ஊழியத்தை விட்டுத் திரும்புவோரில் பலருக்கு முதல் அடி இங்கேதான் விழுகிறது.

தமிழில் இந்தச் சிக்கல் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணப் பேச்சில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. நெருக்கமானவரை, வயதில் குறைந்தவரை 'நீ' என்கிறோம். மரியாதை குறையாமல், ஆனால் சமமாகப் பேச 'நீர்'. பெரியவர்களுக்கு 'நீங்கள்'. நீயும் நீங்களும் மட்டும் உள்ள தமிழகப் பாடநூலில் படித்து வந்தவருக்கு நடுவில் உள்ள 'நீர்' பிடிபடாது. இலக்கணத்தில் பிழையே இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்லி, கிழவர் ஒருவரை அவமதித்துவிட்டு, ஏன் அவர் எழுந்து போனார் என்று தெரியாமல் நிற்க நேரிடும்.

அப்புறம் இன்னும் ஆழமான ஒரு சிக்கல் வருகிறது. கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது? பழைய கத்தோலிக்கத் தமிழில் 'சருவேசுரன்'. பதினெட்டாம் நூற்றாண்டின் புரொட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பில் 'பராபரன்'. பிறகு வந்த வேதாகமத்தில் 'தேவன்'. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்'. ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. சைவ மரபில் தேவர்கள் பலர், இந்திரனும் ஒரு தேவன். அந்தச் சொல்லைக் கேட்கும் சைவரின் மனதில் என்ன ஓடும் என்பதை மிஷனரியால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளூர்ப் புலவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அப்படி இருந்தவர்களில் பெரும் பெயர் ஆறுமுக நாவலருடையது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலுக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் அவர். சைவராக இருந்துகொண்டே செய்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சாயிற்று. அதற்குள் நாவலர் வேலையை விட்டு, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிவிட்டார். மிஷனிடம் பார்த்த பள்ளி, அச்சகம், பிரசங்கம், எளிய உரைநடை எல்லாவற்றையும் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். ஒரு மிஷனின் விளைவு அதன் கையில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று யாழ்ப்பாண வரலாற்றில் கிடையாது.

அகராதியின் கதையும் இதே மாதிரிதான். திருச்சபை மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜோசப் நைற் தொடங்கிய சொற்தொகுப்பு வேலை பல கைகள் மாறி, 1862 இல் மைரன் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதியாகச் சென்னையில் வெளிவந்தது. ஏறத்தாழ 67,000 சொற்கள். உள்ளூர் அறிஞர்களின் உழைப்பு இல்லாமல் இது ஒரு பக்கம்கூட நகர்ந்திருக்காது. அட்டையில் இருப்பது ஒரு பெயர்.

அடுப்பும் கிணறும்

மொழி ஓரளவு வந்துவிட்டது, சரி. இனி யாரோடு சாப்பிடுவது?

வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் விடுதிப் பள்ளி தொடங்கியபோது முதலில் முட்டுக்கட்டையாக நின்றது மத போதனை இல்லை. சமையலறை. கிறிஸ்தவரின் கூரையின் கீழ் சமைத்ததை உண்டால் தீட்டு என்று பெற்றோர் மறுத்தார்கள். கடைசியில் பக்கத்தில் இருந்த சைவர் ஒருவரின் வளவில் குசினி போட்டுச் சமைத்து, பையன்களை அங்கே போய்ச் சாப்பிட வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரும் இதேபோலப் பெரும் தகராறாகிவிட்டது. யார் கை பட்ட கிணறு என்பதில் சாதி இருந்தது.

இந்த இடத்தில் மிஷனரிக்கு ஒரு நல்ல வழி கிடையாது, இரண்டு கெட்ட வழிகள்தான் உண்டு. வழக்கத்துக்கு வளைந்து கொடுத்தால் பிள்ளைகள் வருவார்கள், ஆனால் சாதி உள்ளே வந்துவிடும். உறுதியாக நின்றால் பள்ளி காலியாகும். யாழ்ப்பாணத்து மிஷன்கள் முதலில் வளைந்தன, பிறகு மெல்ல மெல்ல நெருக்கின. ஒரே பந்தியில் எல்லாரும் உட்காரும் வரை நெடுங்காலம் சென்றது. தேவாலயத்தில்கூடச் சாதி பார்த்து உட்கார்ந்த காலம் நம் முன்னோரின் நினைவில் உள்ள ஒன்றுதான். அந்தக் கறையை வெளிநாட்டவர் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. அவர்கள் கண்டும் பொறுத்துக்கொண்டதையும் மறைக்கக் கூடாது.

உடையிலும் இதே கேள்வி. கிறிஸ்தவராவது என்றால் காற்சட்டை போடுவதா? 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இதில் தெளிவாக இருந்தார். தமிழர் தமிழராகவே இருந்து கிறிஸ்தவராகட்டும், ஐரோப்பியரைப் போல மாற வேண்டாம் என்பது அவர் நிலை. எல்லா மிஷனரிகளும் அவரைப் போல யோசிக்கவில்லை.

உடம்பு, கடிதம், பிள்ளைகள்

மிஷனரி வாழ்க்கையைப் பற்றிய பழைய கதைகளில் சாவு நிறைய வரும். அது மிகைப்படுத்தல் இல்லை.

முதல் குழுவில் வந்த வாரனுக்கு நுரையீரல் நோய். காற்று மாற்றத்துக்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய் 1818 இல் அங்கேயே இறந்தார். ரிச்சர்ட்ஸ் 1822 இல் இறந்தார். பூவரின் மனைவி 1821 இல். பூவர் தப்பி, வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தை நடத்தி, மதுரைக்கும் போய் வேலை செய்து, திரும்பி வந்து, 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். அகராதி செய்த வின்ஸ்லோ 1864 இல் ஊர் திரும்பும் வழியில், வாரன் இறந்த அதே நன்னம்பிக்கை முனையில் கண் மூடினார்.

1820 இல் பண்டத்தரிப்பில் வேலை தொடங்கிய ஜோன் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற மிஷனரி வைத்தியர்களில் முதல்வர். வந்த புதிதிலேயே அவரும் மனைவியும் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் பின்னாளில் வேலூர் மருத்துவமனையை உருவாக்கினார்.

உயிரோடு வளர்ந்த பிள்ளைகளின் கதை இன்னொரு வகை வேதனை. படிப்புக்காகச் சின்ன வயதிலேயே அவர்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிடுவது வழக்கம். திரும்பிப் பார்ப்போமா என்பது பெற்றோருக்குத் தெரியாது. உடுவில் மகளிர் பாடசாலையை 1824 இல் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோவின் மகன் சார்ள்ஸ் அப்படி அனுப்பப்பட்டவன். 1832 இல், பன்னிரண்டு வயதுகூட நிரம்பாமல் அங்கே இறந்துபோனான். கப்பலில் வரும் கடிதம்தான் இங்கே செய்தி சொல்ல வேண்டும். மகன் இறந்த பிறகும் மாதக்கணக்கில் அவன் உயிரோடு இருப்பதாக எண்ணித் தாய் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேர்ந்த காலம் அது. மறு ஆண்டு ஜனவரியில் தாயும் போய்விட்டார்.

இன்று கப்பல் இல்லை, கைபேசியில் முகம் பார்க்கலாம். ஆனால் வலி வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது:

1. பிள்ளைகளின் பள்ளி. களத்து மொழியில் படிக்க வைத்தால் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது தடுமாறுவார்கள். ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தால் செலவு. விடுதிக்கு அனுப்பினால் பழைய கதை. இரு நாட்டிலும் முழுதாகச் சேராமல் வளரும் பிள்ளைகள் இவர்கள். புலம்பெயர்ந்த குடும்பங்கள் நிறைந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2. ஊரில் விட்டு வந்த பெற்றோர். அம்மா ஆஸ்பத்திரியில் என்று அழைப்பு வந்தால் விமானச் சீட்டுக்குக் காசு வேண்டும், திரும்பி வர விசா இருக்க வேண்டும்.

3. தனிமை. யாரிடமும் குறை சொல்ல முடியாத தனிமை. அனுப்பிய சபை நம்பிக்கையூட்டும் செய்தியை எதிர்பார்க்கிறது. களத்து மக்களுக்கோ அவர் வழிகாட்டி. "எனக்கு முடியவில்லை" என்று எங்கே போய்ச் சொல்வது?

மணமாகாமல் தனியே வந்த பெண்களுக்கு இந்தத் தனிமை இன்னும் கூடுதல். 1840 இல் நியூயோர்க்கிலிருந்து வந்த எலைசா அக்னியூ உடுவிலில் தலைமை ஆசிரியையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளைப் படிப்பித்தார். 1883 இல் இங்கேயே இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. பழைய மாணவியரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரிடமே படிக்க வந்தார்கள். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊரில் மூன்று தலைமுறைக்கு எழுத்தறிவித்த கை அது.

பணம் யாருடையது?

வெளிநாட்டு மிஷன் என்றாலே "காசு வருகிறது" என்று நம் ஊரில் பேசிக்கொள்வதுண்டு. பணம் வருவது உண்மை. எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

பழைய முறையில் ஒரு தலைமைச் சங்கம் சம்பளம் அனுப்பும். அமெரிக்க மிஷனுக்குப் பொஸ்டனில் இருந்த சங்கம் அப்படி. கத்தோலிக்கத் துறவியருக்குச் சபையே குடும்பம், தனிச் சம்பளம் இல்லை. இன்றைய பல புரொட்டஸ்தாந்து அமைப்புகளில் மிஷனரியே தன் ஆதரவாளர்களைத் தேடிக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து சபைகள், ஐம்பது அறுபது குடும்பங்கள் மாதாமாதம் தரும் சிறு தொகைகள் சேர்ந்து அவருடைய வருமானம். சில ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் நீண்ட விடுமுறையில் பாதி, ஊர் ஊராகப் போய் இவர்களைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். நாணய மாற்று விகிதம் சரிந்தால் வீட்டுவாடகை தள்ளாடும். மாதக் கடிதம், கணக்கு, படங்கள் என்று எழுத்து வேலைக்கு ஓயாத நாட்கள் உண்டு.

பணம் கொடுப்பவர் எதையாவது எதிர்பார்ப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இது பெயர்களிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் ஒரு மாணவனின் செலவை ஏற்றுக்கொண்டால், தான் விரும்பிய பெயரை அவனுக்குச் சூட்டலாம். 1841 இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைக் கேட்டால் வெள்ளையர் என்று தோன்றும். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். கறோல் விசுவநாதபிள்ளையும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர் 1857 இல் தேறினார்கள். ஒருவர் இந்தக் கறோல், மற்றவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள், இருவரும் கடைசியில் சைவராக நின்றவர்கள். பெயரைக் காசு கொடுத்து வைக்கலாம், மனதை அப்படி வாங்க முடியவில்லை.

ஆனால் பொருளுக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் முடியாது. உடுவிலில் படித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்தது. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது, ஆங்கிலம் மிஷன் பள்ளியில் கிடைத்தது. இது தூண்டுதலா, சேவையா? மிஷனுக்கு உள்ளேயே இந்தக் கேள்வி வெடித்தது. பொஸ்டனிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சனின் குழு, செமினரி போதகர்களை உருவாக்காமல் உத்தியோகத்தரை உருவாக்குகிறது என்று கண்டது. 1855 இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. ஊர்க் கிறிஸ்தவர்கள் ஏற்கவில்லை. 1872 இல் அவர்களுடைய முயற்சியால் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

கிறீன் வேறு வழியில் போனார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தால் மாணவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ ஓட மாட்டார்கள், தங்கள் கிராமத்தில் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியராகப் பயிற்றினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று பாடநூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். 1884 இல் அமெரிக்காவின் வூஸ்டரில் இறந்தார். அவர் கல்லறையில் 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் பொறித்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பணமே இல்லாமல் நிற்க முயன்றதற்கும் இங்கே எடுத்துக்காட்டு உண்டு. 1928 இல் தொடங்கிய தோலகட்டி ரொசேரியன் ஆச்சிரமத்தார் தோட்டமும் உழைப்புமாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய நெல்லி ரசமும் திராட்சை ரசமும் வலிகாமத்தில் தெரியாதவர் இல்லை.

யாழ்ப்பாணம் அனுப்பியபோது

மிஷனரி என்றால் வெள்ளைக்காரர் என்ற படம் நம் மனதில் ஊறிவிட்டது. 1900 இல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு வெளிநாட்டு மிஷன் சங்கம் தொடங்கினார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரக் கரையில் உள்ள தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள்.

1902 இல் இங்கே வந்த திருநெல்வேலிக்காரர் வே.ச. அசரியா இதைக் கேட்டுத் திகைத்தார். தமிழ்நாட்டுக் கரைக்கு யாழ்ப்பாணச் சபை மிஷனரி அனுப்புகிறது, திருநெல்வேலியில் அத்தனை கிறிஸ்தவர் இருந்தும் நாம் யாரை அனுப்பினோம்? ஊர் திரும்பியவர் 1903 பெப்ரவரியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கக் காரணமானார். பிறகு தானே தெலுங்கு கற்று, தோர்ணக்கல்லுக்குப் போய், 1912 இல் அங்கே பேராயரானார்.

இன்று யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்கள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையே பணி செய்கிறார்கள். அவர்களும் போன நாட்டு மொழி படிக்கிறார்கள், விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள், மார்கழிப் பனியில் ஒரு திருப்பலிக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடுகிறார்கள். அந்த நாட்டு அரசு அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதே அளவுகோலை இங்கே வருபவருக்கும் வைத்துப் பார்ப்பது நல்லது.

அனுமதி: அன்றும் இன்றும்

மிஷனரிமீது அரசுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். இவர் யாருடைய ஆள்?

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசவ்வாஸ் அடிகள் கூலியாள் போல வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்தார். வந்தவுடன் கடும் வயிற்றோட்டம். ஏழைப் பெண் ஒருவர் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியதாக வரலாறு. யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆகவே கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பார். சில்லாலையில் தங்கிப் பணி செய்தார். பிறகு கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 2015 இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பிரித்தானியர் காலத்திலும் தப்பவில்லை. 1820 இல் அமெரிக்க அச்சுக்காரர் ஜேம்ஸ் கரெற் இங்கே வந்து சேர்ந்தார். அச்சியந்திரமும் வந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னார். புதிய அமெரிக்க மிஷனரி யாரும் வரக்கூடாது என்ற தடை 1830களின் தொடக்கம் வரை நீடித்தது. ஆளும் மதமும் கிறிஸ்தவம், வந்தவரும் கிறிஸ்தவர். ஆனாலும் தடை.

இன்றைய சட்டத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

1. 1978 அரசியலமைப்பின் உறுப்புரை 10, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் ஆளெவருக்கும் உரிமை தருகிறது. மதம் மாறுவது குற்றமில்லை.

2. உறுப்புரை 14, மதத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் 'பிரசைகளுக்கு'. வெளிநாட்டவர் இதற்குள் வரமாட்டார்.

3. உறுப்புரை 9, பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது.

4. 2003 இல் மென்சிங்கன் திருச்சிலுவை அருட்சகோதரிகளின் சபையைச் சட்டப்படி பதிவுசெய்யும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மதத்தைப் பரப்பும் உரிமைக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. 2005 இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. இந்திய அரசியலமைப்பில் 'பரப்ப' என்ற சொல் நேரடியாகவே இருக்கிறது. ஆனால் பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977 இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

5. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று 2004 இல் நம் பாராளுமன்றத்துக்கு வந்தது. சட்டமாகவில்லை.

6. சுற்றுலா விசா சுற்றிப்பார்க்கத்தான். சமயப் பணிக்குத் தனி வதிவிட விசா உண்டு. அதற்கு உரிய மதத் திணைக்களத்தின் சிபாரிசு வேண்டும்.

ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது கேட்க வேண்டியவை இவை. வந்தவர் எந்த விசாவில் வந்தார்? அழைத்த உள்ளூர்ச் சபை அவருக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததா? சுற்றுலா விசாவில் ஒருவரை மேடையேற்றிவிட்டு, பிரச்சினை வந்தபின் "துன்புறுத்தல்" என்று கத்துவது ஆண்டாண்டாக ஒழுங்காக விசா புதுப்பித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் வேலை செய்பவர்களின் கதவையும் சேர்த்து அடைக்கிறது. மறுபக்கம், கூட்டத்தைக் கலைக்க வந்தவர்கள் சட்டப்படி வந்த அதிகாரிகளா, ஊர்க் கும்பலா? விசா மீறல் குடிவரவுத் திணைக்களத்தின் வேலை, யாருடைய கல்லுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரருக்கோ உறுப்புரை 10 உம் 14 உம் முழுதாக உண்டு. மேடையில் நின்றவரின் விசாப் பிழை அவர்களுடைய உரிமையைக் குறைக்காது.